ஏழு பூட்டுப் போட்ட பொன்னேடு

முன்னொரு காலத்தில், அச்சு என்றால் தேரச்சு மட்டும்தான் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாட்டில் ஓலையிலேயே மாத இதழ் நடத்தினார்கள். நம்பாவிட்டால் போங்கள், நான் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கட்டுக்கட்டாய் ஓலை வெளிவரும். கதை இருக்கும், விடுகதை இருக்கும், மழைக்குறிப்பு இருக்கும். எல்லாவற்றையும்விட ஜனங்கள் தேடிப் படித்தது வைத்தியக் கேள்வி-பதில். நேரில் சொல்லக் கூசுகிற வியாதியை ஓலையில் கீறி அனுப்பினால், பெயர் போடாமல் பதில் வெளிவரும்.

அந்த நாட்டுத் தலைநகரத்தில் மூன்று இதழ்கள் இருந்தன. பொன்னேடு பெரிய மாளிகையில் நடந்தது. அதன் அதிபர் கனகசபாபதியார். முரசேடு நடுத்தரம். மூன்றாவது 'கைவைத்தியம்'. அதைச் செங்கமலம் என்ற பெண், தன் ஓட்டு வீட்டில் ஒற்றை ஆளாக நடத்தினாள்.

ஒருநாள் காலையில் மருதாயி என்ற பூக்காரி அரண்மனை வாசலில் வந்து விழுந்து அழுதாள். மன்னர் அவளைச் சபைக்கு அழைத்து என்ன குறை என்று கேட்டார்.

"முதுகுல தேமல் மாதிரி வெள்ளையா வந்துச்சு மகாராஜா. வீட்டுக்காரருகிட்டகூட வாய் திறக்கல. பயந்து போயி, நானே எழுத்துக் கூட்டிக் கீறி மூணு ஏட்டுக்கும் அனுப்பினேன். வெறும் தேமல்தான், மூலிகைப் பத்துப் போட்டா போயிரும்னு மூணு பேரும் பதில் போட்டாங்க. போயிருச்சு. ஆனா அதுக்குள்ள எனக்குப் பெருவியாதின்னு ஊரெல்லாம் பரவிருச்சு. கோயில்ல என் பூவ எடுக்கறதில்ல. தெருவுல நான் வந்தா கதவச் சாத்துறாங்க. யாரு சாமி சொன்னது? எந்த ஏட்டுக்காரங்க சொன்னது?"

மன்னருக்கு முகம் சிவந்தது. அவர் கோபத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை அப்போது அவரைத் தவிர யாரும் அறியார்.

"தளவாயாரே! மூன்று இதழ்களின் காவலையும் ஒப்பிட்டுப் பார்த்து வரிசைப்படுத்தும். எது கடைசியோ, ரகசியம் அங்கிருந்துதான் கசிந்தது. அந்த வீட்டை இடித்துத் தள்ளி, நடத்துகிறவரை எல்லைக்கு வெளியே அனுப்புங்கள்!" என்றார்.

தளவாய் வல்லபராயர் குதிரையேறிப் போனார். ஒவ்வொரு வீட்டையும் வெளியே நின்று சுற்றிப் பார்த்தார். மதிலை அளந்தார், காவலாளியை எண்ணினார், வாசல் நாய் குரைக்கிறதா என்று கல்லெறிந்துகூடப் பார்த்தார். திரும்பி வந்து சபையில் அறிவித்தார்.

"மன்னா! பொன்னேட்டுக்கு ஆளுயர மதில், ஈட்டிக் காவல், ஏழு பூட்டு. அதுவே முதலிடம். முரசேட்டுக்கு மூன்று பூட்டு, ஒரு கிழநாய். இரண்டாமிடம். கைவைத்தியத்துக்குப் பூட்டே இல்லை, ஒரு தாழ்ப்பாள்தான். அதுவும் ஆடுகிறது. கடைசி இடம்."

சபையோரத்தில் நின்ற அம்பலக்கூத்தன் தொண்டையைச் செருமினான். அவன் அரண்மனை விகடன். மன்னருக்கு அவன்மேல் பிரியம், அதனாலேயே தளவாய்க்கு அவனைக் கண்டால் ஆகாது.

"தளவாயாரே, உள்ளே போய்ப் பார்த்தீர்களா?"

"போவதற்கென்ன அவசியம்? காவல் என்பது வெளியே தெரிவதுதானே!"

"ஒரு காசுத் தேங்காய் வாங்குகிறவன்கூடக் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறான் ஐயா."

சபையில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். தளவாய்க்குச் சுருக்கென்றது. "மன்னா, விகடனுக்கு என் கணிப்பில் ஐயமாம். அப்படியானால் அவனே நிரூபிக்கட்டும். எந்த இதழ் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்கக் கூடாது. இதழ்க்காரர் எவரிடமும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. பௌர்ணமிக்குள் நிரூபிக்காவிட்டால் அந்தப் பெண்ணோடு அவனும் எல்லை தாண்டட்டும்!"

மன்னர் கோபத்திலிருந்தார். "அப்படியே ஆகட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

கூத்தன் நேரே செங்கமலத்தின் வீட்டுக்குப் போய்த் தெருவிலேயே நின்றான். அவள் ஓடி வந்தாள். முடிந்திருந்த கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. அழுதிருந்தாள்.

"என்னால நீங்க ஏன் ஐயா கெட்டுப் போகணும்? உள்ள வாங்க, ஒரு வாய் மோராவது குடிங்க."

"உள்ளே வரக் கூடாதம்மா. ஒன்றும் கேட்கவும் கூடாது. நீயாக ஏதாவது சொன்னால் என் காதில் விழும், அதற்குத் தடை இல்லை."

செங்கமலம் புரிந்துகொண்டாள். "நான் யாரு பேரையும் வாங்குறதில்ல. வாசல்ல பானை வச்சிருக்கேன், கேக்கறவங்க ஓலையப் போட்டுட்டுப் போவாங்க. 'வேப்பம்பூ'ன்னோ 'வெள்ளாடு'ன்னோ கீழ ஒரு அடையாளம் இருக்கும். அது போதும். தெரிஞ்சாத்தான ஐயா வாய் தவறும்? மருதாயி கேட்டாங்கறதே சபையில அவ சொன்னப்புறம்தான் எனக்குத் தெரியும். மைகூட நானே பூசிக்கிறேன், பெரிய ஏட்டுக்காரங்க மாதிரி கொட்டகைக்கு அனுப்ப வசதி ஏது? இந்த வீட்ட இடிச்சா எனக்குப் போக வேற இடம் இல்ல."

சொல்லும்போதே அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விகடன் என்றால் எப்போதும் சிரித்துக்கொண்டா இருப்பான்? அன்று அவன் வாயில் ஒரு விகடமும் வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் சபையில் கைகூப்பி நின்றான். "மன்னா, ஒரே ஒரு விண்ணப்பம். பொன்னேடு முதலிடம் பெற்றது ஏழு பூட்டுக்காக. ஆகவே தளவாயார் பார்த்த நிலையிலேயே அது இருக்கட்டும். பௌர்ணமி வரை ஏழு பூட்டும் பூட்டியே கிடக்க வேண்டும். ஓர் ஈ உள்ளே போகக் கூடாது, ஒரு துரும்பு வெளியே வரக் கூடாது. உள்ளே கிணறு இருக்கிறது, நெற்குதிர் இருக்கிறது. யாருக்கும் குறை வராது."

தன் கணிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று தளவாய்க்குத் தலைகால் புரியவில்லை. தாமே போய் ஏழு பூட்டையும் பூட்டி, சாவிக்கொத்தை மன்னரிடம் கொடுத்தார். என்ன ஆனந்தம் மனுஷனுக்கு! சொந்தக் கையாலேயே தன் குழியை வெட்டிக்கொண்டார், பாவம்.

முதலில் கனகசபாபதியாரும் பெருமையாகத்தான் இருந்தார். இரண்டொரு நாளில் மேல்மாடத்துக்கு வந்து காவலாளிகளைக் கெஞ்சினார். பௌர்ணமி நெருங்க நெருங்கக் கெஞ்சல் கூச்சலாயிற்று. தெருவே கூடிவிட்டது. செய்தி கேட்டு மன்னரும் வந்தார், கூடவே கூத்தனும்.

"மகாராஜா, கதவைத் திறக்கச் சொல்லுங்கள்! ஓலையெல்லாம் மைக்கொட்டகைக்குப் போக வேண்டும். மை ஏறாவிட்டால் இதழும் இல்லை, பதிலும் இல்லை. வைத்தியருக்கோ கண் மங்கல்!"

கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்துச் சட்டென்று தெரியாது. மை பூசித் துடைத்தால்தான் பளிச்சென்று தெரியும். அந்த வேலைக்கு ஆற்றங்கரையில் ஒரு கொட்டகை இருந்தது.

கூத்தன் கேள்வி கேட்கக் கூடாதவன், அதனால் வாயைப் பொத்திக்கொண்டு மன்னரைப் பார்த்தான். மன்னரே கேட்டார்: "ஜனங்கள் அனுப்பும் கேள்வி ஓலைகளுமா அங்கே போகின்றன?"

"எல்லாம்தான் மகாராஜா. பேரும் தெருவும் இல்லாமல் நாங்கள் கேள்வியே வாங்குவதில்லை. எல்லாவற்றையும் கூடையில் போட்டு மாட்டுவண்டியில் அனுப்புவோம். முரசேடும் அங்கேதான் அனுப்புகிறது."

"கூடைக்கு எத்தனை பூட்டு?"

"கூடைக்கு ஏது மகாராஜா பூட்டு?"

மன்னர் மேலாடையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு கூத்தனோடு ஆற்றங்கரைக்கு நடந்தார். கொட்டகையில் கை முழுக்கக் கரியோடு நாலைந்து பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வழிப்போக்கர்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"என்னப்பா, வேலை இல்லையா?" என்றார் மன்னர்.

"முரசேட்டுக் கூடை முடிஞ்சுருச்சு, பொன்னேட்டுக் கூடை வரலீங்க. பொழுதே போக மாட்டேங்குது" என்றான் ஒருவன். "அது வந்தா ஊர்க்கதை பூரா தெரிஞ்சுரும். ஒருத்தன் மை பூசுவான், இன்னொருத்தன் சத்தமாப் படிப்பான். போன மாசம் அந்தப் பூக்காரி முதுகுல வெள்ளைன்னு கேட்டிருந்தா."

"அதை ஊரில் போய்ச் சொன்னீர்களோ?"

"நாங்க எங்கங்க சொன்னோம்? பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றான் அவன், கள்ளமில்லாமல். "அத விடுங்க. அரண்மனை மேல்மாடத்துல யாரோ பெரிய மனுசனாம். பல்லி மேல விழுந்துருமோன்னு பயந்து ராத்திரி பூரா தூங்கறதே இல்லையாம்!"

கொட்டகை கொல்லென்று சிரித்தது. முக்காட்டுக்குள் மன்னரின் முகம் எப்படி ஆயிற்று என்று கூத்தன் பார்த்தான். அரண்மனை மேல்மாடத்தில் படுக்கிறவர் ஒருவர்தான் என்பது அவனுக்குத் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கொட்டகை யாருடையது?" என்று மன்னர் கேட்டார்.

"தளவாயார் மச்சினருதுங்க. பெரிய இடத்துச் சேதி ஏதாச்சும் வந்தா முதல்ல தளவாயாருக்குத்தான் போகணும்னு உத்தரவு."

வேலியே பயிரை மேய்ந்த கதைதான், வேறென்ன!

பௌர்ணமியன்று சபை கூடியது. மருதாயி ஒரு தூணருகே நின்றாள், செங்கமலம் இன்னொரு தூணருகே. ஆற்றங்கரையில் நடந்ததை மன்னர் தாமே சொன்னார். தளவாய் வேர்த்துக் கொட்டி நின்றார். "மன்னா, பூட்டை எண்ணியது உண்மைதானே" என்று முனகினார்.

"பூட்டை எண்ணினீர். சாமான் எந்த வழியாக வெளியே போகிறதென்று உமக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதை மட்டும் எண்ணவில்லை. தளவாய்ப் பதவி இன்றோடு போயிற்று. அந்தக் கொட்டகையும் இன்றோடு மூடப்படும். இனி எந்த இதழும் கேட்பவர் பெயரை வாங்கக் கூடாது, தன் மையைத் தானே பூசிக்கொள்ள வேண்டும். செங்கமலம், உன் வீட்டு ஓட்டில் ஒன்றுகூடப் பெயராது."

செங்கமலம் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மன்னர் அரியணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பல்லிக்குப் பயந்து தூங்காமல் பொன்னேட்டுக்கு எழுதிக் கேட்டவன் நான்தான்" என்றார். மன்னருக்கே முதலில் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துத் தம் கழுத்து முத்தாரத்தைக் கழற்றிக் கூத்தனுக்கு நீட்டினார்.

கூத்தன் சிரிக்கவில்லை. ஆரத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னான்: "மன்னா, தங்கள் ரகசியம் வெளியே வந்தது. சபை சிரித்தது, அதோடு தீர்ந்தது. மருதாயியின் ரகசியமும் வெளியே வந்தது. அவளுக்கு அப்படித் தீரவில்லையே!"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உத்தரவு போட்டு எதை வேண்டுமானாலும் செய்யலாம், பூக்காரியிடம் ஆசையாகப் பூ வாங்க வைக்க முடியாது. மன்னர் அரியணையை விட்டு இறங்கினார். மருதாயியை முன்னே நடக்கச் சொல்லி, அவளுக்குப் பின்னாலேயே அவள் தெருவுக்கு நடந்து போனார்.

அவள் குடிசை வாசலில் நின்று, "எனக்கு ஒரு மாலை கட்டிக் கொடு அம்மா" என்றார்.

"வேணாம் மகாராஜா. நான் தொட்டதுன்னு ஊரு ஏதாச்சும் சொல்லும்."

"சொல்லட்டும். என்னைப் பற்றித்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டார்களே."

அவள் கட்டினாள். மன்னர் தலை குனிந்தார். அவள் கையாலேயே கழுத்தில் வாங்கிக்கொண்டு, தெரு முழுக்க நடந்து அரண்மனை போனார்.

அவர் தலை மறைந்ததும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முதன்முதலில் சாத்திய கதவு அதுதான். அந்த வீட்டுக்காரி மெல்ல வந்து, முகத்தைப் பார்க்காமல், "மருதாயி, எனக்கும் ரெண்டு முழம் குடேன்" என்றாள்.

மருதாயி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முழம் போட்டு அளந்து, ஒரு சாண் கூடவே விட்டுக் கிள்ளிக் கொடுத்தாள்.