பால் காய்ச்சிய வீடுகள்

வானத்தில் ஒரு மேகம் கறுத்தால் போதும், அருணகிரிக்குப் பயம் வந்துவிடும்.

வீட்டு வசதித் துறையில் பெரிய அதிகாரி அவர். போன மழையில் கால்வாய் கரையை உடைத்துக்கொண்டு குடிசைகளுக்குள் புகுந்ததையும், மூன்று பேரை இழுத்துக்கொண்டு போனதையும் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகு ஓயாமல் அலைந்து, ஊருக்கு வெளியே வரிசையாக அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டி முடித்தார். மேடை கிடைத்தால் அவர் சொல்வது ஒன்றுதான். ஏழைக்கு வீடு வந்தால் பிள்ளை படிக்கும், பிள்ளை படித்தால் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால் நாடு நிமிரும். கேட்பவர்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கால்வாய்க்கரை ஜனங்கள் அத்தனை பேருக்கும் வீடு கொடுத்தாயிற்று. ஆனாலும் பயம் போகவில்லை. அதைச் சொல்லத்தான் அன்று மாலை தன் குருவிடம் வந்தார்.

குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. மூடிப்போன ஒரு அரிசி ஆலையின் பின்னறையில் இருந்தார். சாமி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பார்த்தால் சாமி மாதிரி இருக்க மாட்டார், சட்டை போட்டிருப்பார்.

"நாளைக்குக் காலையில புல்டோசர் போகுது சாமி. குடிசை எல்லாத்தையும் இடிச்சிடுவோம். அதோட என் வேலை முடிஞ்சுது."

"குடிசையில ஆள் இருக்கா?"

"ஒரு ஈ காக்கா கிடையாது. எல்லாரும் புது வீட்டுக்குப் போயாச்சு."

"எப்படித் தெரியும்?"

அருணகிரிக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. "ஒவ்வொரு வீட்டுலயும் பால் காய்ச்சினாங்க சாமி. எங்க ஆளுங்க பக்கத்துலயே நின்னு, பால் பொங்குறதைப் பார்த்துட்டுத்தான் குடியேறிட்டாங்கன்னு சொன்னாங்க."

"அப்ப எதுக்குப் பயம்?"

"அதுதான் தெரியல."

சாமி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "வாங்க, அந்த வீடுகளைப் பார்த்துட்டு வருவோம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கட்டடங்கள் புதுச் சுண்ணாம்பு வாசனையோடு நின்றன. ஏறிப் பார்த்த மாடியிலெல்லாம் கதவுகளில் பூட்டு தொங்கியது.

"வேலைக்குப் போயிருப்பாங்க" என்றார் அருணகிரி.

"திரும்பி வரட்டும், இருப்போம்."

கீழே மணல் குவியலின் மேல் உட்கார்ந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் வந்தது, ஒருவரும் இறங்காமல் திரும்பிப் போனது. எந்த ஜன்னலிலும் விளக்கு எரியவில்லை. சின்னப் பிள்ளைகள் ஓடவில்லை, குழம்பு தாளிக்கிற வாசனை இல்லை. அவ்வளவு பெரிய இடத்தில் தன் மூச்சு தனக்கே கேட்பது அருணகிரிக்குப் பிடிக்கவில்லை.

"கரண்ட் போயிருக்கும்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அப்போதுதான் எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம் வந்தது.

கரண்ட் இருக்கிறது. ஆட்கள்தான் இல்லை.

இரண்டு பேரும் படியேறினார்கள். செருப்புச் சத்தம் எல்லா மாடியிலும் முட்டி முட்டிக் கேட்டது. மூன்றாம் மாடியை எட்டியபோது, அந்த வெளிச்சம் பட்டென்று அணைந்தது.

அருணகிரி கதவைத் தட்டினார்.

"பயப்படாதீங்கம்மா. நான் கவர்மெண்ட் அதிகாரி."

உள்ளே கனமான ஏதோ ஒன்றைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. கதவில் வந்து இடித்து நின்றது.

"இந்த வீட்டைக் கட்டினதே நான்தாம்மா."

"போய்டுங்க." இளம்பெண் குரல். "உள்ள ஆம்பளைங்க நாலு பேரு இருக்காங்க. போய்டுங்க."

அவள் சொல்லி வாய் மூடுமுன் ஒரு குழந்தை சிணுங்கியது. அந்தச் சிணுங்கல் பாதியிலேயே நின்றது. அதன் வாயை அவள் பொத்துகிறாள் என்பது அருணகிரிக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. விளங்கியதும் கதவை விட்டு ஓரடி பின்வாங்கினார். வேறு யாரை நினைத்தோ பயப்படுகிறாள் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்; அவள் பயந்தது அவருக்குத்தான்.

சாமி அவர் தோளைத் தொட்டு, படிக்கட்டு வரைக்கும் பின்னால் அழைத்து வந்தார். அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"அம்மா, நாங்க கதவுகிட்ட இல்ல. தள்ளி வந்துட்டோம். மத்தவங்க எல்லாம் எங்க போயிட்டாங்க?"

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள், "காவாய்க்கரைக்குத்தான், பழைய குடிசைக்கு."

"எல்லாருமா?"

"குலுக்கல் போட்டு ஆளுக்கொரு மூலையில தூக்கிப் போட்டா எப்படி இருப்பாங்க? எங்க அக்காவுக்கு அந்தக் கோடியில விழுந்துச்சு. அது வந்து பால் காய்ச்சிச்சு, அழுதுச்சு, பூட்டிக்கினு போயிடுச்சு. எல்லாரும் அப்படித்தான். என் குடிசை போன மழையில போச்சு. எனக்குத் திரும்பிப் போக எடம் இல்ல."

குலுக்கல் அருணகிரியின் யோசனை. வேண்டியவன், வேண்டாதவன் என்று ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது என்று அவர் பெருமையோடு செய்தது.

"அம்மா, அங்க சாக்குப் படுதாதானே கதவு? இங்க இரும்புக் கதவு போட்டிருக்கேன். இங்க என்ன பயம்?"

"அங்க கத்துனா பத்துப் பேரு ஓடியாருவாங்க. இங்க கத்துனா என் சத்தம் எனக்கே திரும்பி வருதுய்யா."

மழை தூற ஆரம்பித்தது. அருணகிரி போனை எடுத்தார். இரண்டாம் முறைதான் இன்ஜினியர் கிடைத்தார்.

"காலையில புல்டோசரை எடுக்காதே. குடிசைக்குள்ள ஆளுங்க இருக்காங்க."

"சார், குடிசை எல்லாம் காலின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பாலைப் பார்த்துச் சொல்லிட்டேன்ப்பா. தூங்கிட்டிருக்கிற பிள்ளைங்க மேல ஏத்தியிருப்பேன். எடுக்காதே."

"மேல கேப்பாங்களே சார்?"

"கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."

போனை வைத்த பிறகும் அவருக்குப் பயம் போகவில்லை. மேலிடத்தை நினைத்து ஒரு பக்கம், கால்வாயை நினைத்து ஒரு பக்கம். இத்தனை நாளும் காரணம் தெரியாமல் பயந்ததே தேவலை என்று இருந்தது.

இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். மழை வலுத்துவிட்டது. மேலே அந்த ஜன்னல் இன்னும் இருட்டாகவே இருந்தது.

"இப்பவே கால்வாய்க்குப் போறேன் சாமி. தண்ணி ஏறுறதுக்குள்ள கூட்டிட்டு வந்துடணும். குலுக்கலைத் தூக்கிக் குப்பையில போடுறேன். அக்கா பக்கத்துல தங்கச்சி, யாருக்கு யார் வேணுமோ அவங்க பக்கத்துல அவங்க. காலையில வேலைக்குப் போக பஸ்ஸுக்குச் சொல்றேன்."

"சொல்லுங்க."

"இந்தப் பொண்ணுக்கு வாசல்ல ஒரு காவல்காரனையும் போட்டுடுறேன்."

"அவனைப் பார்த்தும் பயப்படவா?"

அருணகிரி தலையைத் துடைத்துக்கொண்டே மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தார். கண்ணில் மழைத்தண்ணீர் இறங்கியது.

"அப்ப அவ பயம் என்னைக்குத்தான் சாமி போகும்?"

"எதிர் வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டை போடுற சத்தம் என்னைக்குக் கேக்குதோ, அன்னைக்கு."