வெயிலாள் எழுதிய தேதி

அந்தக் காலத்தில் கொசுவுக்கு நன்றாகப் பேச வரும். மனிதர் மொழியிலேயே, பக்கத்து வீட்டுச் சங்கதி எல்லாம் தெரிந்த ஆள் போலப் பேசும்.

அப்போது கருவேலங்குளம் என்ற ஊரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. கொசுதான் காரணம் என்றும், அது வீட்டுத் தண்ணீரில்தான் புழுவாக வளர்கிறது என்றும் தவளைகள் வந்து ஊர்ச்சபையில் சொல்லின. வீடு வீடாக விசாரித்துவர வெயிலாள் என்பவளைச் சபை அனுப்பியது.

அவள் வாசலில் நின்று, "உங்க தண்ணியில புழு இருக்கா?" என்று கேட்பாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்.

"எங்க வீட்டுல ஏது? அடுத்த வீட்டுல போய்ப் பாரு."

அவளும் சரி என்று அடுத்த வீட்டுக்குப் போவாள். ஆனால் அவளுக்கு முன்பே கொசு அங்கே போயிருக்கும்.

"வெயிலாள் வருகிறாள். உங்கள் வீட்டில்தான் புழு என்று அவளிடம் சொன்னது யார் தெரியுமா? எதிர் வீட்டுக்காரி."

ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நின்றது. மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருக்காரர்களைக் கிணற்றுப் பக்கம் விடவில்லை. யாரோ தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்றுகூடப் பேச்சு வந்தது. மேலத்தெருவில் இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள்.

பிறகு வெயிலாளின் மகள் பூரணிக்கும் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் பாயில் கிடந்தாள். வெயிலாளுக்கு அடுத்த வீட்டு நாச்சியார் மேல்தான் சந்தேகம். அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எப்போதும் பலகை போட்டு மூடியே இருக்கும். எதற்காக மூடி வைக்கிறாள்?

விறுவிறுவென்று போய்ப் பலகையில் கை வைத்தாள். நாச்சியார் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரையெல்லாம் கேட்டியே, உன் வீட்டைப் பார்த்தியா?"

"என் வீட்டுல ஏது?" என்றாள் வெயிலாள், சட்டென்று.

நாச்சியார் சிரிக்கவில்லை. "அதைத்தானே நானும் சொன்னேன்."

வெயிலாள் பலகையை விட்டுவிட்டாள். எத்தனை வாசலில் கேட்ட பதில் அது! திரும்பித் தன் வீட்டுக் கொல்லைக்கு நடந்தாள். நாச்சியார் அவளை நம்பாமல் பின்னாலேயே வந்தாள்.

கொல்லையில் உடைந்த ஆட்டுரல் ஒன்று கிடந்தது. அதன் குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. குனிந்து பார்த்தால், தண்ணீர் முழுக்கப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. உரல் விளிம்பில் கொசு உட்கார்ந்திருந்தது.

"இங்கேதான் முதலில் முட்டையிட்டேன்," என்றது அது. "கேட்க வருகிறவளின் வீட்டில் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?"

அந்தத் தண்ணீரை அங்கேயே கொட்டியிருந்தால் நாச்சியாரைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வெயிலாள் தாம்பாளத்தைக் கொண்டுவந்து தண்ணீரை அள்ளினாள். தெரு நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

"எல்லாரும் வந்து பாருங்க! என் வீட்டுப் புழு. என் மகளைப் படுக்கப் போட்ட புழு."

இரண்டு தெருக்காரர்களும் கூடினார்கள். இறந்த பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் தாம்பாளத்தைக் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, நேரே போய்த் தன் வீட்டுத் தொட்டியைத் தானே திறந்தாள். அவள் உள்ளே இருந்து அழும் சத்தம் தெருவரை கேட்டது.

அன்று ஒவ்வொரு வீட்டையும் திறந்து பார்த்தார்கள். தொட்டி, பானை, கொட்டாங்கச்சி எதையும் விடவில்லை. தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் காயவைத்தார்கள். முட்டை புழுவாகிக் கொசுவாக ஏழெட்டு நாள் ஆகும் என்று தவளைகள் சொன்னதால், அதற்குள் மறுபடி வந்து பார்ப்பதற்காக, பார்த்த தேதியை வெயிலாள் கரித்துண்டால் சுவரில் எழுதினாள். முதல் தேதியை எழுதியது தன் வீட்டுச் சுவரில்.

பூரணி பிழைத்துக்கொண்டாள். ஆனால் வெயிலாள் அதன்பின் யார் வாய்ச்சொல்லையும் நம்பவில்லை, தன்னுடையதையும் சேர்த்து.

அன்று முதல்தான், கொசு ஒழிப்புக்கு வருகிறவர்கள் நம் வீட்டில் புழு இல்லை என்று நாம் எவ்வளவு சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய், தொட்டி மூடியைத் தாங்களே தூக்கிப் பார்த்து, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போகிறார்கள்.