கடைசியாக எடுத்த கூறு

லெயோனுக்கு ஐம்பத்தேழு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட தொபியாஸ் சாமியாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே!

இருந்த ஒரே வள்ளத்தையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கோயிலே கதி என்று வந்தவர் லெயோன். தம்பியோ விசைப்படகு வாங்கி, மாடி வீடும் கட்டிவிட்டான். அன்று மாலை புது வீட்டை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு. அண்ணன் வந்து ஜெபம் சொல்ல வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தான்.

"நான் போகமாட்டேன் சாமி. அந்த வீட்டைப் பார்த்தாலே வயிறு எரியுது. உலகத்துல இருக்கிறதை எல்லாருக்கும் சரிசமமாப் பிரிச்சுட்டா இந்தப் பொறாமை ஒழிஞ்சிடும்ல?"

"பிரிச்சுத்தான் பார்ப்போமே. வாங்க அண்ணே."

கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். வலை மணலைத் தொடுமுன் கயிற்றில் கைவைத்தவர் எவரானாலும் சமமாக ஒரு கூறு மீன் உண்டு. அது அந்தக் கரையின் வழக்கம். கடைசி நேரத்தில் ஓடிவந்து கைவைத்தாள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பிரகாசி.

வலை ஏறியது. அம்மாடியோ! வலையின் மடி கொள்ளாத சாளை மீன். மீன் துள்ளிய சத்தத்தில் அலைச் சத்தமே கேட்கவில்லை. ஆளாளுக்குச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"கூறு நீங்களே போடுங்க" என்றார் சாமியார்.

முப்பத்தொரு பேர். பெரிசுக்குப் பெரிசு, சிறுசுக்குச் சிறுசு என்று பார்த்துப் பார்த்துப் போட்டார் லெயோன். ஒருவரும் குறை சொல்லவில்லை. போட்டவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். மிஞ்சியதை எடுத்தார்.

பக்கத்தில் பிரகாசியின் கூறு. பெரிதாகத் தெரிந்தது. மறுபடி பார்த்தார். பெரிசேதான்! ஒரே ஒரு இழுப்பு இழுத்தவளுக்கு இவ்வளவா? அவருக்கு நெஞ்சு காந்தியது.

பிரகாசி குனிந்து, தன் கூறிலிருந்து இரண்டு கையாலும் மீனை அள்ளி அவர் கூறில் போட்டாள்.

"என்னம்மா இது?"

"உங்க கூறு சின்னதாத் தெரியுது அண்ணே" என்றாள். கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

லெயோன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, ரெண்டும் ஒரே அளவு. என் கையால போட்டது. எனக்கு அவ கூறு பெரிசாத் தெரிஞ்சுது. அவளுக்கு எப்படி என் கூறு சின்னதாத் தெரிஞ்சுது?"

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியேதான் அண்ணே."