பிலோமின் வைத்த சுருதி

“டீச்சர், உங்க வாத்தியத்துல வாசிச்சா கல்யாண வீடு மாதிரி இருக்கு. அதையே என் வாத்தியத்துல வாசிச்சா எழவு வீடு மாதிரி இருக்கு. ஏன்?”

கேட்டவர் அமலோர்பவநாதன். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

டீச்சர் மதலேனுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பிரான்சில் லூட் படித்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவள். லூட் என்பது முதுகு உப்பிய பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம், வீணைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரில் அவளுக்குக் கிடைத்த ஒரே மாணவர் இவர். இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன்னுடைய லூட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

“வீட்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா சார்?”

“சனிக்கிழமை எம் பொண்ணு ரெஜினுக்குக் கல்யாணம். மாதா கோயிலுக்குள்ள அவ மாமன் கையப் புடிச்சிட்டு நடந்து வரும்போது நான் வாசிக்கணும்னு அவதான் ஆசைப்பட்டா. நேத்து வாசிச்சுக் காட்டினேன். பாதியிலயே எழுந்து உள்ள போயிட்டா.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“‘வேணாம்ப்பா, ஸ்பீக்கர்ல ஏதாவது போட்டுக்கலாம்’னா. அழுதுட்டே சொன்னா.”

மகள் திருமணத்தில் அழவைத்த அப்பன் என்று பெயர் எடுக்க அவருக்கு விருப்பமில்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

பாட்டு ஒரே பக்கம்தான். ஆற்றி வைத்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். முந்நூறு வருடத்துப் பழசு. என்ன வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கவில்லை. மேலே ஒரு நடனத்தின் பெயர் மட்டும் இருந்தது. ஆடத் தெரிந்தவனுக்கு வேகம் தெரியும் என்று அந்தக் காலத்தில் விட்டுவிடுவார்கள்.

“வேகம்தான் தப்போ?” என்றார்.

மதலேன் எழுந்து சுவரோரம் போய் நின்றாள். “நான்தான் ரெஜின். என் காலுக்கு வாசிங்க.”

அவர் வாசித்தார். அவள் நடந்தாள். பாட்டும் நடையும் ஒன்றாக முடிந்தன.

“வேகம் சரி.”

“ஆனா துக்கமா இருக்கே.”

“இருக்கு.”

அவர் இன்னொரு தடவை, வேகமாக வாசித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரமாகத் துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவர் மாதிரி இருந்தது.

“ஸ்கேல் என்ன?” என்றாள்.

“டி மேஜர். இதைவிட சந்தோஷமான ஸ்கேல் கெடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அப்ப என் மனசுதான் சரியில்லையா?”

அவள் அவருடைய லூட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் ஓரத்தில் இருக்கும் பருத்த தந்திகளை விரலால் அழுத்த முடியாது. மீட்டினால் எந்தச் சுருதியில் இருக்கின்றனவோ அதையே பேசும். அதனால் ஸ்கேல் மாறும்போதெல்லாம் பிரடை என்கிற முறுக்காணியைத் திருப்பி அவற்றை மாற்றியாக வேண்டும். அவள் ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டே வந்தாள்.

ஓர் இடத்தில் நின்றாள். அதையே மறுபடியும் மீட்டினாள்.

“இதுக்கு முன்னாடி வாசிச்சதெல்லாம் டி மைனர், துக்கத்துக்கான ஸ்கேல். மத்ததெல்லாம் மேஜருக்கு மாத்தியிருக்கீங்க. இதை மறந்துட்டீங்களா?”

“மறக்கல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அது பிலோமின் வச்சது.”

பிலோமின் அவர் மனைவி. கொஞ்ச நாள் படுக்கையில் கிடந்து, போன வருடம் தவறிவிட்டாள்.

“எனக்கு அப்ப காது பத்தாது. அவ கோயில்ல பாடினவ. நான் தந்தியை மீட்டுவேன், படுத்துக்கிட்டே அவ பிரடையத் திருப்புவா. எடம் வந்ததும் ‘போதும்’பா. கடைசியா வச்சது இதுதான். அதுக்கப்புறம் அந்தப் பிரடையில நான் கை வைக்கல. ஒரு தந்திதானே, யாருக்குத் தெரியப் போவுதுன்னு விட்டுட்டேன்.”

மதலேன் அவர் லூட்டைத் திருப்பிக் கொடுத்தாள். தன்னுடையதை எடுத்து, அதே தந்தியைப் பழைய ஸ்கேலுக்கு இறக்கினாள்.

“அவங்க வச்ச எடம் இது.” மீட்டினாள். “இப்ப உங்களோடது.”

அவர் மீட்டினார்.

இரண்டும் ஒன்றாக இல்லை. அவருடையது கீழே இறங்கிக் கிடந்தது.

இன்னொரு தடவை மீட்டிப் பார்த்தார். “யாரு இதத் தொட்டது?”

“யாரும் தொடல. கடக்கரை ஊரு சார், ஈரக்காத்து. காலையில வச்ச சுருதி சாயந்தரம் நிக்கறதில்ல.”

“அப்ப அவ வச்சது?”

“எப்பவோ போயிடுச்சு.”

“எப்ப?”

“தொடாம இருந்தீங்க இல்ல, அப்ப.”

அமலோருக்குப் பிலோமினை இரண்டாம் முறை பறிகொடுத்தது போல இருந்தது. மதலேன் அவரைத் தேற்றவில்லை.

பிறகு அவராகவே பிரடையில் கை வைத்தார். அது இறுகிக் கிடந்தது.

“எங்க நிறுத்தணும் டீச்சர்?”

“எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.”

ஒரு கையால் மீட்டிக்கொண்டே இன்னொரு கையால் திருப்பினார். கிரீச்சென்று பிரடை அசைந்து கொடுத்தது. ஸ்வரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏறுகிற வழியில் பிலோமின் வைத்த இடம் வந்தது.

அவர் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அதை மீட்டினார். ஓயும்வரை கேட்டார். மறுபடியும் மீட்டினார்.

மதலேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரடை மறுபடியும் அசைகிற சத்தம் வந்தது. ஸ்வரம் அந்த இடத்தைத் தாண்டி மேலே போனது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு பொட்டு.

“போதும்.”

சொன்னது அமலோர்தான்.