கொடியில் ஒற்றைச் செருப்பு

முள்ளிக்கோட்டைக் கொடியில் ஒற்றைச் செருப்பு வரைந்திருக்கும். ஏன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்து அரசர்கள் எல்லாம் புலி, பன்றி, காளை என்று வைத்திருக்க, சேதிராயருக்கு மட்டும் செருப்பு. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொடியைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அது அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் நிச்சயதார்த்தம். புலி வரைய ஓவியரைக் கூட்டிவந்து உட்கார வைத்தாயிற்று. ஆனாலும் செருப்பு எதற்கென்று தெரியாமல் அழிக்க ராயருக்குக் கை வரவில்லை. குரு பூதலிங்க சாமிக்கு ஆள் அனுப்பினார். சாமி ராயரைவிடப் பத்து வயது சின்னவர், ஊர் ஊராகத் திரிந்து பழங்கதை கேட்பவர்.

உச்சிவெயிலில் சாமி வந்து சேர்ந்தார். கேள்வியைக் கேட்டுக்கொண்டார். பதில் சொல்லாமல், செருப்புக் காலோடு கொடிமரத்தை நோக்கி நடந்தார். காவலர்கள் பதறிப்போய் மறித்தார்கள். பந்தல் நிழலில் நின்ற ராயருக்கே தூக்கிவாரிப்போட்டது.

"சாமி, செருப்பைக் கழத்துங்க. கொடிக்கு முன்னால யாரும் போடறதில்ல," என்றார் ராயர்.

"யார் வச்ச வழக்கம்?"

"எங்க தாத்தா காலத்துல இருந்தே இருக்கு. முதல் ராயரோட செருப்புன்னு சொல்லுவாங்க, அந்த மரியாதை."

அப்போது உப்பு விற்பவர் ஒருவர் கொடியைக் கடந்து போனார். தலையில் மூட்டை, கக்கத்தில் செருப்பு. சுடுமண்ணில் கால் பாவாமல் எட்டி எட்டி வைத்து ஓடினார். அவர் தெரு முனையில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்வரை சாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது முதல் ராயர் செருப்பில்ல," என்றார் சாமி. "இவரை மாதிரி ஒருத்தரோடது. அந்தக் காலத்துல எந்த ஊர்லயும் அரசர் தெருவுல செருப்பைக் கையில தூக்கிட்டுத்தான் போகணும். இங்க ஒருத்தர் அப்படிப் போனதை முதல் ராயர் பாத்தார். தன் செருப்பைக் கழத்தி அவருக்குக் கொடுத்தார். பதிலுக்கு அந்த ஆளோட செருப்புல ஒண்ணை வாங்கிக் கம்பத்துல கட்டினார். இந்தக் கொடி பறக்கிற மண்ணுல யாரும் செருப்பைக் கழத்த வேண்டாம்னு தண்டோரா போட்டார்."

வெட்கத்தில் ராயர் முகம் சிவந்திருந்தது.

ஓவியர் மெல்ல எழுந்து வந்து, புலியை வரையட்டுமா வேண்டாமா என்று கேட்டார். ராயர் சாமியைப் பார்த்தார்.

"புலியையே வரையச் சொல்லுங்க. கொடியாவது உண்மையைச் சொல்லட்டும்."