துவைக்கிற கல்லில் ஒரு கார்

"பயத்தை எப்படி விரட்டுறது, சிஸ்டர்?"

வந்ததும் வராததுமாக வடிவு கேட்டாள். எட்டு மாதப் பிள்ளை இடுப்பில் இருந்தது.

"சிஸ்டராம்ல, சிஸ்டர்," என்றாள் விண்ணரசி. "ஆறாம் கிளாஸ்ல என் டப்பாவத் தொறந்து முட்டையத் தின்னவ நீதானே? பேரச் சொல்லிக் கூப்பிடு."

இரண்டு பேரும் இதே கான்வென்டில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். ஒருத்தி கல்யாணம் முடித்து நாலு தெரு தள்ளிப் போனாள். மற்றவள் கன்னியாஸ்திரீயாகி இங்கேயே திரும்பி வந்தாள். விடுதியில் வளரும் ஆதரவில்லாப் பிள்ளைகள் இப்போது அவள் பொறுப்பு.

முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு, கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல் முன்னால் விண்ணரசி உட்கார்ந்திருந்தாள். கல்லின் மேல் சக்கரம் கழன்ற ரிமோட் கார் ஒன்று கிடந்தது. யாரோ ஒரு பெட்டி நிறையக் கொடுத்துவிட்டுப் போன பழைய கார்கள். சனிக்கிழமை சாயங்காலமானால் மாதா சிலை இருக்கிற கெபியைச் சுற்றிப் பிள்ளைகள் ரேஸ் விடுவார்கள்.

"என்ன பயம்?"

"மூச்சு நின்னுருமோன்னு."

"யாருக்கு, உனக்கா?"

"இவளுக்கு."

சொல்லும்போதே பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்று காற்று பட்டது. விரலை எடுத்தாள்.

"டாக்டர்ட்ட காமிச்சியா?"

"காமிச்சேன். பிள்ளைக்கு ஒரு குறையுமில்லன்னு சொன்னார்."

"பெறகென்ன?"

"அவர் சொல்லும்போது மூச்சு வந்துச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்?"

விண்ணரசி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ராத்திரி யாரு பாக்கா?"

"நான்."

"பகல்ல?"

"நான்தான்."

"உன் மாமியார் எதுக்கு இருக்காங்க?"

"அவங்க கண்ணசந்துருவாங்க."

"உன் வீட்டுக்காரர்?"

"குறட்டை. அந்தச் சத்தத்துல இவ மூச்சு கேக்காது. மாடிக்கு அனுப்பிட்டேன்."

விண்ணரசி சிரித்துவிட்டாள்.

"சிரி. நீ பிள்ளை பெத்திருந்தா தெரியும்."

"பெறலியே. அதான் நல்லாத் தூங்குதேன்."

வடிவு சிரிக்கவில்லை.

"நேத்து அடுப்பு முன்னால நிக்கேன். பால் கொதிக்குது. இவ இடுப்புல. நின்னபடியே கண்ணு சொருகிட்டு. கை தளந்துட்டு. இவ வீல்னு கத்தினதுலதான் முழிச்சேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா…"

பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தியாச்சு. இசக்கியம்மனுக்கு நேந்து காசு முடிஞ்சு வச்சாச்சு. இந்தப் பயத்தப் போ போன்னு விரட்டுதேன். போக மாட்டேங்குது. நீதான் எதாவது வழி சொல்லணும்."

விண்ணரசி காரை அவள் பக்கம் தள்ளினாள்.

"இந்த அச்சுல இருக்க பின்னக் கழட்டிக் குடு."

"நான் என்ன கேக்கேன், நீ என்ன சொல்லுதே?"

"சாயங்காலம் ரேஸ் இருக்கு. கழட்டு."

வடிவுக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் பார்த்தாள்.

சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய அச்சு நீட்டிக்கொண்டிருந்தது. அந்த அச்சை மேலிருந்து கீழாகத் துளைத்துக்கொண்டு ஒரு சின்னப் பின். மேலே ஒரு மிளகளவு, கீழே ஒரு மிளகளவு வெளியே தெரிந்தது.

"இது எதுக்கு?"

"அச்சு சுத்துனா சக்கரமும் கூடச் சுத்தணும்ல, அதுக்கு. தேஞ்சுபோச்சு. மோட்டார் கத்துது, சக்கரம் சும்மா நிக்குது. புதுசு போடணும்."

"நகத்தால தள்ளுனா வந்துரும் போலிருக்கே."

"தள்ளேன்."

தள்ளினாள். வரவில்லை.

பிள்ளையை இடது கையால் அணைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த சுத்தியலை வலது கையில் எடுத்தாள். அச்சு கல்லில் படும்படி காரைச் சரித்து வைத்து, பின்னின் தலையில் ஒரு தட்டு. அசையவில்லை. ஓங்கி ஒரு அடி. பிள்ளை திடுக்கிட்டுக் கண்ணைச் சிமிட்டியது. பின்னோ அப்படியே நின்றது.

"துரு ஏறிட்டோ?"

"இல்ல."

தையல் மிஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டாள். அடித்தாள். விரலெல்லாம் கறுத்ததுதான் மிச்சம்.

"பசை கிசை போட்டிருக்கானா?"

"இல்ல."

"திருகாணி மாதிரி மரை இருக்கோ?"

"இல்லட்டி. வெறும் கம்பி."

வடிவு சுத்தியலை வைத்துவிட்டு அந்தப் பின்னையே முறைத்துப் பார்த்தாள். முந்தானையில் கறுப்பு அப்பியிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"அப்போ எதுதான் இதைப் புடிச்சு வச்சிருக்கு?"

"குனிஞ்சு பாரு."

குனிந்தாள். பிள்ளையின் தலை கல்லை நோக்கிச் சரிந்தது. பதறி நிமிர்ந்தாள்.

"இவள வச்சுக்கிட்டுக் குனிய முடியாது."

"முடியாதுதான்."

விண்ணரசி கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அங்கியில் துடைத்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.



வடிவு அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"உனக்குத் தூக்கத் தெரியுமா?"

"இங்க பாதிப் பேர் நடக்கத் தெரியாத வயசுல வந்தவங்க."

"நீ தூங்கிர மாட்டியே?"

"பட்டப்பகல்லயா?"

கைகள் நீட்டியபடியே இருந்தன. கல்லில் அந்தப் பின் நின்றுகொண்டிருந்தது. வடிவு பிள்ளையைப் பார்த்தாள். பின்னைப் பார்த்தாள். மறுபடி பிள்ளையைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம்தான்."

கொடுத்தாள்.

இடுப்பில் பிள்ளை இருந்த இடம் வேர்த்து நனைந்திருந்தது. காற்றுப் பட்டதும் ஜில்லென்றது.

மண்டி போட்டுக் கல்லில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பின்னின் மேல்முனை அடிபட்டு அடிபட்டுப் பளபளத்தது. கீழ்முனை கல்லில் ஊன்றி நின்றது. அது ஊன்றிய இடத்தில், கறுத்த கல்லில், வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. அவள் அடித்த அடியெல்லாம் அந்தப் புள்ளியில் இருந்தது.

"ஏட்டி," என்றாள், கன்னத்தை எடுக்காமலே. "இதுக்குப் போக இடமே இல்லியே."

"அப்படியா?" என்றாள் விண்ணரசி.

வடிவு எழுந்து, உதிரிச் சாமான் கிடந்த தகர டப்பாவைக் கவிழ்த்தாள். வாஷர் ஒன்று எடுத்தாள், மெலிசு. பல்சக்கரம் ஒன்று எடுத்தாள், துளை சிறிது. கடைசியில் பெரிய நட்டு ஒன்று அகப்பட்டது. அதைக் கல்லில் வைத்து, பின்னின் கீழ்முனை நட்டின் துளைக்கு நேராக வரும்படி அச்சை அதன் மேல் படுக்க வைத்தாள். முனை மழுங்கின ஆணி ஒரு கையில், பின்னின் தலையில் ஊன்றி. சுத்தியல் மறு கையில்.

மெல்லத் தட்டினாள். முதலில் அடித்த அடியில் பாதி கூட இல்லை.

நகர்ந்தது.

இன்னும் ஒரு தட்டு. வழுக்கிக்கொண்டு இறங்கி, நட்டுக்குள் 'டிக்' என்று விழுந்தது.

"வந்துட்டு! ஏட்டி, வந்துட்டு!"

"சத்தம் போடாத."

திரும்பினாள். விண்ணரசியின் தோளில் பிள்ளை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. சிலுவைக் கயிறு அதன் கைக்குள் இருந்தது.

எப்போது தூங்கியது? வடிவுக்குத் தெரியவில்லை.

விரல் தானாக மூக்கடிக்குப் போனது. பாதி வழியில் நின்றது. விரல் முழுக்கக் கறுப்பு எண்ணெய்.

"துடைச்சுட்டு வா," என்றாள் விண்ணரசி. "துணி அந்தா கெடக்கு."

துணி சுவரோரத்துப் பெஞ்சில் கிடந்தது. வடிவு போய் உட்கார்ந்தாள். ஒரு விரலைத் துடைத்தாள். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அடுத்த விரலைத் துடைக்கத் தொடங்கினாள்.

"இன்னும் மூணு சக்கரம் இருக்குட்டி," என்றாள் விண்ணரசி.

துணி வடிவின் கையிலிருந்து நழுவிக் கீழே கிடக்க, பெஞ்சிலிருந்து சன்னமாக ஒரு குறட்டை வந்தது.