சாரம் பிரித்த நாள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, நகரத்துக் கால்வாயில் படகில் போகும்போது பாலத்துத் தூணில் முட்டிக்கொண்டார். நெற்றி புடைத்துவிட்டது. "இனி இங்கே தண்ணீரில் கால் ஊன்றாத பாலம்தான் நிற்க வேண்டும்!" என்று ஆணையிட்டார். ராஜாவுக்கு வலித்தால் கல்லுக்குத்தானே தண்டனை!

அமைச்சர் வீரபாகுவுக்கு விகடகவி தத்தனைக் கண்டாலே ஆகாது. "அரசே, இதற்குத் தத்தனை விட்டால் ஆளில்லை. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்" என்று கோத்துவிட்டார்.

தத்தனுக்குப் பாலமும் தெரியாது, நீச்சலும் தெரியாது. கொத்தன் சடையாண்டியிடம் போய் நின்றான். சடையாண்டி ஒரு மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்துக் காட்டினான்.

"ரெண்டு கரையிலயும் கால ஊனிக்கிட்டு, கல்லு கல்ல நெருக்கி நிக்கும் சாமி. முடியிற வரைக்கும் கீழ மரச்சாரம் தாங்கும். அதப் பிரிக்கிற அன்னிக்குக் கட்டுனவன் அடியில நிக்கணும். எங்க வழக்கம்."

"விழுந்துவிட்டால்?"

"விழுற மாதிரி கட்டுனவன் எதுக்கு சாமி வெளிய நிக்கணும்?"

இரண்டு வருஷத்தில் வளைவு எழுந்தது. சாரம் பிரிக்கும் நாள் காலையில் பார்த்தால், முகப்பில் புதிதாக ஒரு கல்: 'இப்பாலம் கட்டியவர் அமைச்சர் வீரபாகு.' ஒரு கல்லைக்கூடத் தொடாத மனிதர்! எழுத்தறியாத சடையாண்டி, தத்தனை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். உளியைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டான்.

ராஜா வந்ததும் தத்தன் பணிந்தான். "அரசே, கட்டியவர் வளைவுக்கு அடியில் நிற்கச் சாரம் பிரிப்பது கொத்தர் வழக்கம். கட்டியவர் யாரென்று கல்லே சொல்கிறது. அமைச்சருக்குப் படகு தயார்."

வீரபாகுவுக்கு வேர்த்துக் கொட்டியது. "அரசே, அடியேன் மேற்பார்வை மட்டும்தான்... கட்டியது சடையாண்டி!"

அதற்குள் சடையாண்டி படகில் ஏறியிருந்தான். படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு தத்தனும் ஏறினான்.

"நீங்க எதுக்கு சாமி?"

"கட்டச் சொன்னவன் நான்தானே."

சாரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த மர ஆப்புகளை ஆட்கள் தட்டிக் கழற்றினார்கள். சாரம் ஒரு சாண் இறங்கியது. கல் இறங்கவில்லை.

அமைச்சர் இன்னும் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "தத்தா, என்ன பரிசு வேண்டும்?"

"அந்தக் கல்லைப் புரட்டி, மறுபக்கம் எழுத அனுமதி வேண்டும், அரசே."

"தந்தோம். வீரபாகு, புரட்டுவதை நீரே மேற்பார்வை பாரும்!"

தத்தன் கரியால் எழுதிக் காட்ட, சடையாண்டி தன் உளியாலேயே வெட்டினான். முடித்ததும் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தான்.

"இம்புட்டுத்தானா சாமி எம்பேரு?"

"இல்லை" என்று தத்தன், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பாலத்தைக் கைநீட்டிக் காட்டினான்.